நான்கு பொத்தான்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவையும் சேர்த்தே சொல்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா எதைத் தானே செய்கிறார், எதற்கு ஆள் வேண்டும் என்று பிசியோதெரபி பெண் ஒரு தாளில் மார்க் போடுவாள் அல்லவா, சாப்பிடுவது, உடுத்துவது, படி ஏறுவது என்று பத்துக் காரியம். போன மாதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து என்றதும், இது ஏறாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று போனில் அழுதாய்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது நான் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டுவதும் நானே என்று பெருமையாகச் சொன்னேன். அவள், "அம்மா, அவரால முடியுமான்னு இந்தத் தாள் கேக்கல, செய்யறாரான்னுதான் கேக்குது. நீங்க செய்ய விட்டீங்களா?" என்றாள். சுருக்கென்றது. பாசம் என்று நினைத்து அவர் மார்க்கை நானே தின்றிருக்கிறேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். நான்கு பொத்தானை அப்பாவே போட இருபத்திரண்டு நிமிடம். பிடிக்க வேண்டும், திருப்ப வேண்டும், துளையைத் தேட வேண்டும், நுழைந்ததும் அந்தப் பக்கம் இன்னொரு விரல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பொத்தானுக்குள் இத்தனை வேலை இருப்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது நழுவி நழுவிப் போனது, அவர் விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கும் கைதான், அன்றைக்குக் கும்பிடத் தோன்றியது. நான் எழப்போனதைப் பார்த்துவிட்டு அப்பா, "அவளுக்கும் ஒரு தாள் போடுங்க. சும்மா உக்காரத் தெரியுதான்னு பாப்போம்" என்றார். நாக்குத்தான் குழறுகிறது, கிண்டல் குழறவில்லை.

அப்புறம் தினமும் அவர் போடுகிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மறுபடி மார்க் போட்டாள். அறுபது.

அதனால் ராஜினாமாக் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துப் போடு. லீவில் வா, பத்து நாள் இரு, ஆனால் நீயும் என்னைப் போலக் கை துறுதுறுக்கிறவள், ஜாக்கிரதை. எங்கள் ஆசி எப்போதும் உன் கூடவே இருக்கும். இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். அப்பாவின் சட்டை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். அவரே போட்டது, நான் தொடவில்லை.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா