உறைந்த பச்சை

அன்புள்ளவருக்கு,

நீங்கள் யாகுட்ஸ்க் நகரத்துக்குப் போனபின், குளிர்காலத்தில் குதிரைகள் பனியைக் கிளறி மேயட்டும் என்று ஜூலை நடுவில் ஓட்ஸ் விதைத்தேன். கதிர் வருமுன் குளிர் தொடங்கிவிட்டது. குளிர் மெல்ல மெல்ல ஏற, தண்டில் சர்க்கரையும் ஏறி, பயிர் பனிக்கடியில் பச்சையாகவே உறைந்து நிற்கிறது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் பனியைக் காலால் கிளறிப் பார்க்கிறேன்.

“அக்கா, குதிரைக்கு முன்னாடி நீயே மேஞ்சிடுவ போலிருக்கே!” என்கிறான் மேய்ப்பன் கெஸ்கில்.

போன வருடம் ஒரே இரவில் உறைபனி இறங்கி எல்லாம் கருகியதே, ஞாபகமிருக்கிறதா? குளிருக்குப் பழகப் பயிருக்கு நாளே கிடைக்கவில்லை.

‘குதிரைகளை விற்றுவிடு, நான் வரப்போவதில்லை’ என்று நேற்று வந்த கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதலில், வரத் தாமதமாகும் என்றாவது எழுதியிருக்கக் கூடாதா?

அதே வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி