மூணாம் துளைப் பெட்டி

மயிலம் அஞ்சல்,
மாசி மாதம், 2009.

அன்புள்ள மல்லாட்டைக்கு,

அக்கா அஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மாமாவும், உன் பெண்டாட்டி கலைப்பிரியாவும், குழந்தை துர்காவும் இருக்கிறோம். சுகம்னு எழுத கை வரல. நீ எப்படி இருக்கிறேன்னு கேக்கிறது வழக்கம். கார்த்திகையில உன்ன ஏரிக்கரையில புதைச்சிட்டு வந்துட்டு இப்ப அதக் கேட்டா ஊர்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இந்த ஊரு சிரிப்பெல்லாம் எனக்கு எதுக்கு.

நீ விழுப்புரத்துல ஐடிஐ படிக்கும்போது ஹாஸ்டலுக்கு எழுதினது. அதுக்கப்புறம் இப்பதான் பேனா புடிக்கிறேன். நான் படிச்ச அஞ்சாங் கிளாசுக்கு உனக்கு மட்டுந்தான் எழுத வருது. மணிமாறன்னு எழுதிப் பார்த்தேன், யாரோ ஆபீஸ் ஆள் மாதிரி இருந்துச்சு. வேர்க்கடலைக் காய் மாதிரி இடுப்பு ஒட்டி, மேலயும் கீழயும் உருண்டு பொறந்த புள்ள நீ. அம்மா போனப்புறம் உன்ன இடுப்புல வச்சிக்கினு களை வெட்டினவ நான். மல்லாட்டைன்னு பேரு வச்சதும் நான்தான். அதனால அப்படியே எழுதிட்டேன்.

துர்கா தவழ ஆரம்பிச்சிட்டா. மண்ணத் தின்றா. கிணத்து மேட்டுக் கழனியில மல்லாட்டை விழுது எறங்கி காய் புடிக்குது, போன வருஷத்துக்கு தேவலை. செவலைப் பசு சினையா இருக்குது. இதெல்லாம் உனக்குச் சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

வர்ற செவ்வாய்க்கிழமை விழுப்புரத்துல விசாரணை. கல்குவாரியில நீ செத்தது யாரு தப்புன்னு கேக்கறதுக்கு ஒரு ஆபீசர் வர்றாராம். உன் மேனேஜர் வெங்கடாசலம் இருக்காரே, அவரு உன் கருமாதிக்கு வந்து ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சிட்டு, தம்பி தங்கமான பையன்னு கண்ணத் தொடச்சிக்கினு போனாரு. அதே வாய்தான் இப்ப வேற பேசுது. போன வாரம் பைக்ல வந்தாரு. பாறை கெட்டிப் பாறை, விரிசலே கெடையாது, தம்பி சொல்லாம கொள்ளாம அடியில போய் குடைஞ்சதாலதான் மேல இருந்தது வந்துடுச்சு, இதுல கம்பெனி என்னம்மா பண்ணும்னு என்கிட்ட கேக்கறாரு. அப்படியே எழுதிக்கினு வந்த பேப்பர்ல என்னையும் கலைப்பிரியாவையும் கையெழுத்து போடச் சொல்றாரு. செத்தவன் மேல பழியத் தூக்கி வச்சிட்டு, அதுக்கு அவன் வீட்டு ஆளுங்களே சாட்சி சொல்லணுமாம். வெக்கமில்லாத ஜென்மம்.

எனக்கு நம்பிக்கை வரணும்னு ஒரு புத்தகமும் எடுத்துக்கினு வந்தாரு. பளபளன்னு அட்டை போட்டது. அந்த ஜியாலஜி சார் அரிபிரசாத் எழுதின ரிப்போர்ட்டாம். பூமிக்குள்ள எவ்வளவு கருங்கல்லு இருக்குது, எவ்வளவு எடுக்கலாம்னு கணக்குப் போட்டு அதுல இருக்குதுன்னாரு.

அந்த சாரை எனக்கு ஞாபகம் இருக்குது. கார்ல வந்து எறங்கினாரு, கருப்புக் கண்ணாடி போட்டுக்கினு. வெயிலு தாங்கலன்னு நம்ம வீட்டுலதான் மோர் வாங்கிக் குடிச்சாரு. கல்லப் பார்த்த நேரத்தவிட மோர் குடிச்ச நேரம் ஜாஸ்தி. அப்புறம் சாப்பாட்டுக்கு திண்டிவனம் போயிட்டாரு. அன்னைக்கு ராத்திரி நீதான் எனக்கு வெளக்கம் சொன்ன. மொத்தமா பூமியில கெடக்கறது ஒரு கணக்காம். எல்லைக்கு எடம் விட்டு, படி படியா வெட்டினா அதுல கைக்கு வர்றது இன்னொரு கணக்காம். அதுலயும் விரிசல், வெள்ளை ரேகை இல்லாம கப்பல்ல ஏத்தற மாதிரி முழுக்கல்லா தேர்றதுதான் கடைசி கணக்காம். மூணையும் தனித்தனியா எழுதணும், அதுதான் நியாயம்னு சொன்ன. நியாயம்ன்ற வார்த்தைய சொல்லும்போதே சிரிச்ச. அப்ப எனக்குப் புரியல.

முழு குவாரி மேட்டுக்கும், உள்ள கல்லு எப்படி இருக்குதுன்னு எடுத்துப் பாக்க மூணு எடத்துலதான் துளை போட்டாங்க. அதுவும் மிஷின் வண்டி சுலபமா ஏறிப் போற எடம். துளைக்கும் துளைக்கும் நடுவுல நம்ம கழனி போல பெருசா எடம் கெடக்குது. அங்கயும் அதே கல்லுதான்னு ஸ்கேல் வச்சு கோடு இழுத்துட்டாரு. மயிலம் சந்தையில மாட்டு தரகன்கூட வாயத் தொறந்து பல்லப் பார்த்துட்டுதான் வெல சொல்றான். இவரு மூணு பல்லப் பார்த்துட்டு மாட்டுக்கு கொம்பு, வாலு, கன்னுக்குட்டி வரைக்கும் எழுதிட்டாரு. பூமிக்குள்ள குடித்தனம் பண்ணிட்டு வந்தவரு மாதிரி, இருவது மீட்டருக்கு கெட்டிப் பாறை, வெட்டினா நூத்துக்கு நாப்பது முழுக்கல்லா தேறும்னு எழுதியிருக்காராம். வெட்டினப்புறம் எட்டு கூட தேறலன்னு நீயே வந்து சொன்ன. கெட்டிப் பாறைதான்னு பேப்பர் சொல்லிடுச்சேன்னு படி எதுவும் விடாம செங்குத்தா எறக்கினாங்க. மழை பேஞ்சுது. மூணாம் துளை போட்ட பக்கம் சரிஞ்சு வந்துச்சு. கீழ நீ நின்ன. நாப்பதுன்னு எழுதின சாரு உன் பக்கத்துல வந்து நின்னாரா. அவரு சேலத்துல ஏசி ரூம்ல அடுத்த மேட்டுக்கு கணக்குப் போட்டுக்கினு இருந்திருப்பாரு.

உன்ன மட்டும் விட்டுடுவேன்னு நெனைக்காத.

மேனேஜர் அந்தப் புத்தகத்தப் பிரிச்சு ஒரு கலர் போட்டோ காமிச்சாரு. துளையில இருந்து எடுக்கற உருளைக் கல்ல வரிசையா அடுக்கி வைக்கிற மரப்பெட்டி. மூணாம் துளைப் பெட்டிம்மா, எப்படி வழுவழுன்னு ஒடையாம இருக்குது பாருன்னு விரல் வச்சு காமிச்சாரு. நான் கல்லப் பாக்கல. கல்லு மேல மஞ்சப் பெயிண்ட்ல ஆழத்துக்கு நம்பர் போட்டிருந்துச்சு, அதப் பார்த்தேன். பதினேழு. ஏழுக்கு நடுவுல குறுக்கால ஒரு கோடு. ஐடிஐல வரைபட வாத்தியார் கத்துக் குடுத்தாருன்னு மளிகை லிஸ்டுல கூட நீ அப்படித்தான் ஏழு போடுவ. உன் கைதான்னு பார்த்த ஒடனே தெரிஞ்சுது.

அந்தப் பெட்டிய நெரப்பினது நீதானே. பன்னெண்டு மீட்டருக்குக் கீழ கல்லு பொடியும் சில்லுமா வந்துச்சு, கல்லு வாங்கற வெளிநாட்டுப் பார்ட்டி பாக்க வருது, ஜல்தியா எதாவது பண்ணுன்னு மேனேஜர் சொன்னாருன்னு சொன்ன. பக்கத்து பழைய குவாரி ஷெட்டுல கெடந்த நல்ல உருளைக் கல்ல எல்லாம் பொறுக்கி வந்து நெரப்பி, நம்பர் போட்டுட்டேன்க்கா, அந்த சார் தண்ணி ஊத்தி தொடச்சுக்கூடப் பாக்கல, போட்டோ புடிச்சிக்கினு போயிட்டாரு, ஏமாந்த கோழின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. சோறு போட்டுக்கினே நானும் சிரிச்சேன். படிச்ச மடையன ஏமாத்திட்டான் என் தம்பின்னு எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு. அந்தப் பெட்டிக்கு அடியிலதான் உன்ன எறக்கப் போறாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. எனக்காவது அஞ்சாங் கிளாசு. ஐடிஐ படிச்ச உனக்கு என்னடா ஆச்சு. நீ ஏமாத்தினது அந்தக் கண்ணாடிக்காரன இல்ல. அவன் நல்லாத்தான் இருக்கான்.

இன்னொன்னு இருக்குது. அந்த நெசமான சில்லுக் கல்ல சாக்குல அள்ளிக்கினு வந்து நம்ம குழாயடி சேத்துல கொட்டினியே, அக்கா வழுக்காம நின்னு பாத்திரம் கழுவட்டும்னு. மேனேஜர் போனப்புறம் நான் கொட்டாங்கச்சிய எடுத்துக்கினு சேத்தத் தோண்டினேன். கெடைச்சுது. கை அகலம் இருக்குது, நடுவுல செம்மண்ணு ஏறின விரிசல், ரெண்டு கையில புடிச்சா ஆடுது. அது மேலயும் மஞ்சப் பெயிண்ட். மேனேஜர் வந்து மாத்தச் சொல்றதுக்கு முன்னாலயே நம்பர் போட்டு வச்சிருக்க. மூணாம் துளை, பதினேழு. அதே ஏழு, அதே குறுக்குக் கோடு. ஒரே துளையில ஒரே ஆழத்துல ரெண்டு கல்லு. ஒன்னு புத்தகத்துல கண்ணாடி மாதிரி, ஒன்னு என் குழாயடியில ஒடஞ்சு.

உன் மாமா கிட்ட காமிச்சேன். அவரு வழக்கம்போல துண்ட ஒதறிப் போட்டுக்கினு, போனவன் போயிட்டான், கம்பெனிக்காரங்ககிட்ட எதுக்கு பேஜாரு, கல்ல அங்கேயே போட்டுட்டு கையெழுத்தப் போடுன்னாரு. இருவது வருஷமா எதக் கேட்டாலும் இதே துண்டு, இதே பதில். அவர்கிட்ட கேட்டதுதான் என் தப்பு.

கலைப்பிரியாகிட்ட இன்னும் காமிக்கல. அந்தப் பொண்ணு உன் போட்டோவ வச்சிக்கினு, எங்க வீட்டுக்காரு ஒரு பொய் பேசமாட்டாருன்னு போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்குது. துர்காவுக்கும் அதச் சொல்லித்தான் வளக்கப் போவுது. நான் பேசாம கையெழுத்து போட்டா, நீ சொன்ன பேச்சு கேக்காம போய் செத்த தறுதலைன்னு ஆபீஸ்ல எழுதி மூடிடுவாங்க. கல்லக் கொண்டு போய் வச்சா, பாறை கெட்டி இல்லன்றது தெரியும். மேனேஜர் வேஷம் கலையும், அந்த சார் நாப்பதும் கலையும். கூடவே நீயும் அவங்க கூட்டுன்னு ஆயிடும். நீ தறுதலை இல்லடா. அவங்க கூட்டு இல்லன்னு என்னால சொல்ல முடியல.

ஆனா யோசிச்சு முடிச்சிட்டேன். அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடமாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில முதல் பஸ்சுல போறேன். கல்ல மல்லாட்டை சாக்குல சுத்தி கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். மேனேஜர் புத்தகத்த எடுத்துக்கினு வருவாரு, பெருமையா பிரிச்சும் காமிப்பாரு. காமிக்கட்டும். அதுக்குப் பக்கத்துல இத வைக்கிறேன். அந்த மேட்டுல இப்ப வேற நாலு வீட்டுப் புள்ளைங்க எறங்கிக்கினு இருக்காங்க, அதே செங்குத்துக்குக் கீழ. கலைப்பிரியாவுக்கு நாளைக்கு நானே சொல்லிடறேன். திட்டட்டும்.

நீ எங்க இருந்தாலும், மேல எதுவும் தொங்காத எடமா பார்த்து உக்காரு. உன் பொண்ணு நல்லா வருவா, அவளுக்கு ஏழு போட நானே கத்துக் குடுக்கிறேன். இந்தக் கடுதாசிய எந்தப் பெட்டியிலயும் போடப் போறதில்ல. உன்கிட்ட கேக்காம எதையும் பண்ணி பழக்கமில்ல, அதனாலதான் எழுதினேன்.

இப்படிக்கு,
உன் அக்கா அஞ்சம்மாள்.

போட்டோவுல இருக்கற கல்லையும் என் குழாயடிக் கல்லையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, இந்த ஏழு ரெண்டும் யாரு கைம்மா போட்டதுன்னு அந்த ஆபீசர் கேப்பாரே, அப்ப நான் என்னடா சொல்லட்டும்?