கண் மூடிய மணல் அம்மன்

என் செல்லத் தம்பி ஏழுமலை,

நீ போனபின் வருகிற முதல் ஆடி இது. வீராம்பட்டினம் தேருக்குப் போகிற பஸ்கள் நம் முதலியார்பேட்டை வளைவில் இன்னும் மெதுவாகத்தான் போகின்றன. ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் வெறும் தரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நீ வருஷா வருஷம் மணலில் செய்து படுக்கவைத்த அம்மனை அவர்கள் மறக்கவில்லை.

தெருதான் உன்னை மன்னிக்கவில்லை. "செஞ்சவனே தண்ணி ஊத்திக் கரைச்சான், பாவி. அதான் அம்மா அவனைக் கொண்டுபோயிட்டா" என்று எதிர்வீட்டு அஞ்சலை என் காதுபடவே சொல்கிறாள். உனக்குக் கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டிவிடும்.

அது நடந்தது எமர்ஜென்சி நேரத்தில். ஆடி முதல் வெள்ளி. கண் திறக்கும்வரை அது வெறும் மண், திறந்துவிட்டால் தாய். தேர் முடியும்வரை யாரும் கை வைக்கக்கூடாது. கண் திறப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்றுதானே நாம் படுதா கட்டி, ஜனத்தை வெளியே நிறுத்தினோம்? நான் விளக்குப் பிடித்தேன். நீ மை தொட்டு இரண்டு கண்ணையும் திறந்து முடித்தாய்.

அப்போதுதான் வெளியே கூச்சல். கூட்டத்தால் ரோடு அடைத்துக்கொண்டது, சிலையை எடு என்று போலீஸ் வந்து நின்றது. "கண்ணு தொறந்துட்டா எவனும் அம்மாவத் தொட முடியாது!" என்று கத்தியது அஞ்சலை மகன் சேகர். படுதா இடுக்கில் பார்த்தேன். அவன் கையில் கல். எதிரே தடிகள் ஓங்கியிருந்தன.

நீ என்னைப் பார்த்தாய். ஈர மணலை அள்ளி அம்மாவின் கண்கள்மேல் தடவினாய். "அக்கா, செத்தாலும் யார்கிட்டயும் சொல்லாத."

வெளியே போய், "இன்னும் கண்ணு தொறக்கலப்பா. வெறும் மண்ணுதான். இதுக்காவ ஏன் அடிபட்டு சாவணும்? வூட்டுக்குப் போங்க" என்றாய். நீயே தண்ணீர்க் குடத்தை எடுத்து அம்மன்மேல் ஊற்றினாய். யார்மேலும் ஒரு அடிகூட விழவில்லை.

அதற்குப் பிறகு நீ மணலைத் தொடவில்லை. தேருக்கும் போகவில்லை. ஒருநாளாவது என்னிடம் அழுதிருக்கக் கூடாதா, தம்பி?

நேற்று விழுப்புரத்துக்காரம்மா ஒருத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி, "இங்க ஒரு மணல் அம்மா படுத்திருப்பாங்களே, காணோமே?" என்றாள். "அத்த ஒரு பாவி..." என்று அஞ்சலை ஆரம்பித்தாள். என்னால் தாங்க முடியவில்லை, ஏழுமலை.

"கண்ணு தொறந்துதான்டி இருந்துச்சு! உன் புள்ள கையில கல்லு. அவன் மண்டை ஒடையக் கூடாதுன்னுதான் என் தம்பி மூடினான். அந்தப் பாவத்த ஒத்தையா சொமந்தே செத்தான்!"

அஞ்சலை அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ளைக்காவா?" என்று மட்டும் கேட்டாள். இன்று காலையில் சேகர் வந்தான், இடுப்பில் பெண் குழந்தையோடு. உன் படத்துக்கு முன்னால் விழுந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவேயில்லை. அந்தக் குழந்தை என்னமோ விளையாட்டு என்று அவன் முதுகில் ஏறிக்கொண்டு சிரித்தது.

வாக்கை மீறினதற்குக் கோபமா? இருந்துவிட்டுப் போகட்டும். இனி யார் பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். அந்தப் பாவத்தில் பாதி எனக்கு. அம்மாவே கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இருடா.

உன் கூடப்பிறந்தவள்,
கன்னியம்மா அக்கா