டெல்பர்ட் மாட்டித் தந்த பிளக்

அக்டோபர் 3

அப்பா விட்டுப்போன டிரெய்லரில், டிரக்குக்குப் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சக்கர வீட்டில், படுக்கைப் பக்க விளக்கு இன்றும் எரியவில்லை. ஃப்யூஸ் போட்ட கையோடு போகிறது. ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்துக் கடைசியில் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்தேன். துப்பாக்கி மாட்டும் சட்டத்துக்காக டெல்பர்ட் முடுக்கிய திருகாணி நேராகக் கம்பிக்குள் இறங்கியிருக்கிறது. என் புருஷன் கை பட்ட எதுதான் உருப்பட்டது, என்னையும் சேர்த்து?

நவம்பர் மான் வேட்டைக்காக டிரெய்லரைத் தயார் செய்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் கூட்டாளிகளும் காட்டில் கதகதப்பாகத் தூங்கலாமாம். நம்பிவிட்டான். அதற்குள் இதை என் டிரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு நான் போயாக வேண்டும். போன தடவை அக்கா வீட்டுக்கு ஓடினேன்; அவள் வீட்டுக் கதவை உடைத்து, அவள் புருஷனின் பல்லை உடைத்து, என்னை முடியைப் பிடித்து இழுத்து வந்தான். இந்தத் தடவை முகவரியே இல்லாத வீடு வேண்டும். குளிர் வரப்போகிறது. ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் காற்றாடி சுற்றக் கரண்ட் வேண்டும். கரண்ட் இல்லையென்றால் விறைத்துச் சாக வேண்டியதுதான்.

அக்டோபர் 11

புதிய சார்ஜர் பெட்டி, புதிய ஃப்யூஸ் பலகை, எலி கடித்த கம்பிகளுக்குப் பதில் புதுக் கம்பி. எல்லாம் நானே. விரலெல்லாம் கிழிசல்.

டிரெய்லருக்குக் கரண்ட் எடுக்கக் கொட்டகைச் சுவரில் முப்பது ஆம்ப் பிளக் ஒன்றை மாட்டித் தருகிறேன் என்று டெல்பர்ட் தானாகவே வந்தான். மரமில் வேலை நேரம் போக, இந்தப் பக்கத்துப் பாதி வீடுகளுக்கு வயரிங் அவன்தான். அதில் அவனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. வேண்டாம் என்றால் ஏன் என்பான். சரி என்றேன்.

அக்டோபர் 14

எரிந்துவிட்டது. எல்லாமே.

அக்டோபர் 15

நேற்று எழுத முடியவில்லை. பிளக்கைச் செருகியதும் மைக்ரோவேவ் ஒரு உறுமல் உறுமி நின்றது, சார்ஜர் பெட்டி பட்டென்று வெடித்தது, உள்ளே முழுக்கப் புகை. டெல்பர்டின் தம்பி லீலண்ட் பீர் குடிக்க வந்திருந்தான். அவன் முன்னாலேயே இவன் ஆரம்பித்தான், பொம்பளை வயரிங் செய்தால் இப்படித்தான் வெடிக்குமாம்.

பொறுக்கவில்லை எனக்கு. மீட்டரை எடுத்து அவன் மாட்டிய பிளக்கில் வைத்துக் காட்டினேன். இருநூற்று நாற்பது வோல்ட். டிரெய்லர் தாங்குவது நூற்றிருபதுதான். மூன்று கால், முப்பது ஆம்ப் என்றால் வீட்டு வயரிங் ஆளின் கண்ணுக்கு அது துணி உலர்த்தும் மெஷினின் பிளக்; அந்த மெஷினுக்குத்தான் இருநூற்று நாற்பது வேண்டும். ஒரு கம்பியில் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கம்பியிலும் கரண்ட் கொடுத்து வைத்திருக்கிறான்!

லீலண்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "டிரையர் பிளக்கைக் கொண்டுபோய் டிரெய்லருக்குக் குடுத்திருக்கியேண்ணே. ஊருக்கெல்லாம் இப்படித்தான் மாட்டி விட்டியா?"

லீலண்டின் வண்டி தெருமுனை திரும்பும்வரை டெல்பர்ட் காத்திருந்தான். பிறகு பூட்ஸ் காலாலேயே. ஒரு விலா நிச்சயம் போயிற்று, இரண்டாவது தெரியவில்லை. மூச்சு விட்டால் கத்தி. அவன் தப்பு பண்ணா என் எலும்பா உடையணும்? பாவி, பாவி.

அக்டோபர் 26

லீலண்ட் பகலில், அண்ணன் மரமில்லுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய பெரிய பேட்டரிகள் இரண்டு, ஒரு சோலார் தகடு, அதற்குரிய சார்ஜர். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணி."

ஆமாம் என்றேன். பேட்டரியை அவனே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். கம்பியெல்லாம் நான் மாட்டினேன். இனி யார் சுவரிலும் பிளக் செருக வேண்டியதில்லை. மதியம் ஹீட்டர் காற்றாடி சுற்றியது. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 6

கூரையில் சோலார் தகட்டை டெல்பர்ட் பார்த்துவிட்டான். வேட்டைக்கு இது எதுக்குடி என்றான். நான் பதில் தேடியதிலேயே புரிந்துகொண்டான். என்னை அடிக்கவில்லை. கோடாரியை எடுத்து, டிரக்கிலிருந்து டிரெய்லரின் பிரேக்குக்கும் விளக்குக்கும் போகும் ஏழு கம்பிக் கேபிளை ஒரே வெட்டாக வெட்டினான். "இப்ப போ, பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நான் பரிமாறினேன்.

நவம்பர் 7, ஆர்கன்சா எல்லைக்கு அப்பால்

வண்டியை ஓரங்கட்டிவிட்டு எழுதுகிறேன்.

காலையில் அவன் மில்லுக்குப் போனதும் வெட்டிய கேபிளைத் தோலுரித்து, நிறம் பார்த்து ஒவ்வொன்றாக இணைத்தேன். வெள்ளை, பழுப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. நீலம் பிரேக் கம்பி, அதைக் கையில் எடுத்தபோது பின்னால் மூச்சுச் சத்தம். மில்லுக்குப் போகவே இல்லை அவன். முடியைப் பிடித்து என் தலையை இரும்புக் கொக்கியில் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை. கண்ணில் ரத்தம். கைக்கு எட்டியது டிரெய்லரை இழுக்க டிரக்கில் செருகும் இரும்புத் தண்டு. இரண்டு கையாலும் பிடித்து அவன் முழங்காலில் வீசினேன். சத்தம் கேட்டது. விழுந்தான்.

இன்னும் ரெண்டு கம்பி பாக்கி. மண்ணில் கிடந்து என் அம்மாவைத் திட்டுகிறான், கொன்னுடுவேன்டீ என்கிறான், தவழ்ந்து வரப் பார்க்கிறான். நான் நீலத்தை முறுக்கினேன். ஓஸார்க் மலைச்சாலையில் பிரேக் இல்லாமல் இந்தப் பாரத்தோடு இறங்க முடியாதே! ரத்தத்தைத் துடைத்துத் துடைத்து அதையும் கடைசிக் கம்பியையும் முடித்து, டேப் சுற்றி, தண்டை டிரக்கில் செருகி டிரெய்லரை மாட்டி, பிரேக்கை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன். அவனுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடு என்று லீலண்டுக்கு ஃபோனில் சொன்னேன். மலை இறங்கியாயிற்று. பிரேக் பிடித்தது.

பிப்ரவரி 20

வெயில் நன்றாக இருக்கிறது. பேட்டரி நிறைந்துவிட்டது, பீன்ஸ் வேகவைத்தேன்.

லீலண்ட் கூப்பிட்டான். டெல்பர்ட் கைத்தடியோடுதான் நடக்கிறானாம். போலீஸில் எதுவும் சொல்லவில்லையாம். "காலுக்கு என்னாச்சுன்னு யார் கேட்டாலும் மாடிப்படியில விழுந்துட்டேன்கறான் அண்ணி."

எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. பதினெட்டு வருஷம் நான் அதே மாடிப்படியில் விழுந்துகொண்டிருந்தேன். லீலண்ட் உட்பட ஒருத்தரும், மாடி எங்கே என்று கேட்டதில்லை.