கம்பி போட்டுக் கட்டியிருந்த கேட்

செப்டம்பர் 27

கிளம்பும்போதே, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவனின் தண்ணீர்க் குழாய் ஒழுகியது. நானே சரி செய்தேன். மனைவி டெனீஸ் கைதட்டினாள், கிண்டலாகத்தான். சாலை என்று பெயர், முழுக்கச் செம்மண் மேடும் பள்ளமும். உள்ளே அலமாரி திறந்து பீட்ரூட் டின்கள் உருண்டுகொண்டே வந்தன. எதிரே வந்த ஒரே லாரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். "இன்னிக்குப் பேச்சுவார்த்தை முடிஞ்சுது" என்றேன். பிப்பா சிரித்தாள். பதின்மூன்று வயதில் அப்பாவின் ஜோக்குக்குச் சிரிப்பது பெரிய தானம்.

செப்டம்பர் 28

இன்று முழுக்க ஒரே மாட்டுப் பண்ணைக்குள்ளேயே ஓட்டினோம். வழி நெடுக வேலி, கேட். இறங்கித் திறந்து மூடுவது பிப்பாவின் வேலை. மதியம் ஒரு கேட் அகலத் திறந்து, கம்பி போட்டுத் தூணோடு கட்டியிருந்தது. தாண்டியதும் அவிழ்த்து மூடச் சொன்னேன்.

"அப்பா, யாரோ வேணும்னே கட்டி வெச்சிருக்காங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்னு ஸ்கூல்ல கூட சொன்னாங்க."

"வந்துட்டாங்க பண்ணை முதலாளியம்மா! நான் பால் பண்ணையில பொறந்தவன்டி. கேட்டை மூடலன்னா எங்கப்பா தோலை உரிச்சிடுவார். போய் மூடு."

மூடினாள். அதன் பிறகு முகம் சரியில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வறண்டு கிடந்த ஓடைக்கரையில் தங்கல்.

செப்டம்பர் 30

இன்றும் இங்கேயே. ஈ. டெனீஸ் தணலில் சுட்ட ரொட்டி வெளியே கரி, உள்ளே மாவு. நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டோம்.

அக்டோபர் 1

எப்படி எழுதுவது?

டீசல் போட வழியிலிருந்த பங்க்கில் நிறுத்தினோம். கூடவே சாப்பாட்டுக் கடை. மூவரும் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நோரீன் என்ற அம்மாள் உள்ளே வந்தார். நாங்கள் கடந்து வந்த அந்தப் பண்ணையின் சொந்தக்காரி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கடைக்காரரிடம் சொன்னார்:

"பின்பக்கத்து பம்ப் கெட்டுப்போச்சுன்னு, மாடெல்லாம் இந்தப் பக்கத் தொட்டிக்கு வரட்டும்னு கேட்டைத் திறந்து கட்டி வெச்சேன். எந்தப் புண்ணியவானோ மூடிட்டுப் போயிட்டான். வேலியோரமா கன்னும் பசுவுமா செத்துக் கிடக்கு. தண்ணி வாசனை தெரிஞ்சிருக்கும், பாவம்."

எங்கள் கேரவனைப் பார்த்தார். "நீங்க அந்த வழியாவா வந்தீங்க?"

வாயில் வந்தது இதுதான்: "கேட்டெல்லாம் எங்க பொண்ணுதான் பாத்துக்கிறா. சின்னப் பிள்ளை, தெரியாம மூடியிருப்பா."

சிரித்தேன் வேறு. சிரித்தேனே!

நோரீன் பிப்பாவின் தோளைத் தொட்டார். "போகட்டும் கண்ணு. அடுத்த தடவை எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுடு."

"சரி. மன்னிச்சிடுங்க" என்றாள் பிப்பா.

அவள் கேட்டாள் மன்னிப்பு. அவள். நான் பை மேல் சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். டெனீஸ் என்னையே பார்த்தாள். ச்சே, என்ன மனுஷன்டா நீ. பெத்த பொண்ணைக் காட்டிக் குடுத்துட்டு அவ முன்னாடியே பை திங்கிறே. செத்த மாட்டை விட இதுதான் அறுக்குது.

அக்டோபர் 2

காலையில் டெனீஸ் கேட்டாள்: "நீ போய்ச் சொல்றியா ரஸ், நான் சொல்லவா?"

வந்த வழியே திருப்பினேன். கண்ணில் படும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. நோரீன் டிராக்டரில் சங்கிலி மாட்டி மாடுகளை இழுத்துக்கொண்டிருந்தார். நான்தான் மூடச் சொன்னேன், பிப்பா வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை என்றேன். அவர் டிராக்டரை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டே. அவகிட்ட சொன்னியா?"

சொல்லியிருக்கவில்லை. வழியெல்லாம் நோரீனிடம் பேசுவதற்குத்தான் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். கார் ஜன்னலோரம் போய் நின்றேன். தப்பு என்னுடையது, உன் மேல் போட்டுவிட்டேன் என்றேன்.

"தெரியும்பா. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாயங்காலம் வரை நான் சங்கிலி மாட்டினேன். பிழைத்த கன்று ஒன்றுக்கு பிப்பா புட்டியில் பால் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 4

பிப்பா ஒவ்வொரு கேட்டிலும் கை வைக்கும் முன் போனில் படம் எடுக்கிறாள். தாண்டியதும் இன்னொன்று. எதற்கு என்று கேட்டேன்.

"சாட்சிக்கு."

அக்டோபர் 5

இன்றிலிருந்து நான் இறங்குகிறேன், டெனீஸ் ஓட்டுகிறாள். கேட்டைத் தொடாமல் நின்று பிப்பாவைக் கேட்கிறேன். சொன்னபடி செய்கிறேன். படம் எடுப்பதை அவள் நிறுத்தவில்லை. வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

அக்டோபர் 10

வீடு. பக்கத்து வீட்டு பெவ் டீக்கு வந்தாள், படம் காட்டச் சொன்னாள். பிப்பா போனை நீட்டினாள். தள்ளத் தள்ளக் கேட்.

"என்னடி டூர் இது? சூரியன் மறையறது ஒண்ணு கூடவா கிடைக்கல?"

பிறகு பெவ் ஒரு படத்தில் நிறுத்தினாள். அதில் நான். தொப்பி கோணலாக, மூஞ்சியெல்லாம் ஈ, கேட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிப்பா எப்போது எடுத்தாள் என்றே தெரியாது.

"இவர் இங்க சும்மா நின்னு என்ன பண்றார்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிப்பா முந்திக்கொண்டாள்.

"நான் சொல்றதுக்காக நிக்கிறார்" என்றாள்.