துபாய் மேலே, தூத்துக்குடி கீழே

மவுஸில் நீ வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு பாதி உதிர்ந்துவிட்டது. வேறு யாரும் எடுத்துப் போகாமலிருக்க நீ வைத்த அடையாளம். காலையிலிருந்து அதன்மேல் விரலை வைத்தபடி, இரண்டு ஊர்களுக்கு இடையே விமான தூரம் காட்டும் அந்த இணையப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். துபாய் வேலைக்கு இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஷிப்பிங் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்து விளையாட்டே நமக்கு அதுதானே. நீ எப்போதும் லிஸ்பன் என்றே அடிப்பாய். "எங்க தாத்தாமாருக்கெல்லாம் போர்ச்சுக்கீசுக்காரன் அவன் ஊர்ப் பேரத்தான வச்சிருக்கான். ஒருநா நேர்ல போயி, 'பேரு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, அளவுதான் கொஞ்சம் பெருசு'ன்னு சொல்லிட்டு வரணும்ளா."

நான் துபாய் என்று அடித்த அன்று என் கையைத் தட்டிவிட்டாய்.

"ஏளா, மேல பொறப்படுற எடத்துல துபாயப் போட்டிருக்கே. இன்னும் போவவே இல்ல, அதுக்குள்ள திரும்பிட்டியா?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எந்த ஊரானாலும் நான் வருவதைத்தான் கணக்குப் போடுகிறேன். அம்மா உப்பளத்தில் தனியாக வேலை செய்கிறாள். ஏதாவது ஒன்று என்றால் எத்தனை நேரத்தில் வந்து சேர்வேன்? அந்த இணையப் பக்கம் மூவாயிரம் கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கோடு போட்டு, நாலு மணி நேரம் என்று சொல்லிவிடும். மதுரை விமான நிலையத்திலிருந்து எங்கள் வாசல்வரை உள்ள சாலை அதற்குத் தெரியாது. போகும்போது கடிகாரம் ஒன்றரை மணி நேரம் தருகிறது, வரும்போது அதைப் பிடுங்கிக்கொள்கிறது என்று புலம்பினேன்.

"பிடுங்குனா பிடுங்கிட்டுப் போவுது. வாரப்ப கச்சான் பின்னால நின்னு தள்ளும்ளா" என்றாய். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு உங்கள் வீட்டில் அதுதான் பேர். தோணியில் போகிறவரின் மகள் அல்லவா நீ. கடலுக்குப் புறப்படுகிறவரிடம் 'எப்ப வருவிய' என்று உங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. "கேட்டா கடலுக்குக் கேட்டுரும்" என்பாய்.

இந்த வேலையின் நேர்காணலுக்குச் சென்னை போயிருந்தபோதுதான் காய்ச்சல் முற்றி நீ போய்விட்ட செய்தி வந்தது. அன்றைக்கு விமானத்தில் இடமில்லை. ராத்திரி ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். நான் வந்தபோது கல்லறைத் தோட்டத்தில் உன்மேல் போட்ட பூக்கள் வாடியிருந்தன. துபாயைவிடச் சென்னை எவ்வளவு பக்கம். அங்கிருந்தே வர முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியவில்லை. கணக்குப் போடாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். "என்னளா முடிவு பண்ணுன?"

"ஏதாவதுன்னா நான் திரும்பி வரதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்னா..."

"நீ வாரத நான் கேட்டனா? சோறு தின்னியா, அதச் சொல்லு. போறதுக்கு நல்ல பெட்டி ஒண்ணு வாங்கணும்லா."

போனை வைத்துவிட்டு ஊர்களை மாற்றிப் போட்டேன். தூத்துக்குடி மேலே, துபாய் கீழே. வருகிறேன் என்று கம்பெனிக்குப் பதில் அனுப்பினேன்.

எப்போது திரும்புவாய் என்று அம்மா கேட்கவில்லை. நீ இருந்தாலும் கேட்டிருக்க மாட்டாய். நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், கடலுக்குக் கேட்காதபடி, மெதுவாக.