மூன்று மணி கம்பெனி பஸ்

என் மகளுக்கு,

இன்று முழுக்கத் தனியாக ஊர் சுற்றினேன். உன் அண்ணன் உன்னைத் தேடி ஒரகடம் பக்கம் போனான், இந்தப் பக்கத்தை என்னிடம் விட்டான். மண்ணூரில் ஹாஸ்டல் ஹாஸ்டலாக நடந்தேன். பிறகு பஸ் பிடித்து சுங்குவார்சத்திரத்தில் இறங்கினேன். டீக்கடைக்காரர், "எந்த கம்பெனிமா? இங்க ஆயிரம் பொண்ணுங்க கீறாங்க" என்றார்.

மூன்று மணிக்கு கம்பெனி பஸ் வந்தது. எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே முகக்கவசம். ஆறாவதாக இறங்கியவள் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தாள். "காலத் தூக்கி நடட்டி" என்று நான் இத்தனை வருஷம் கத்தியது வீண்தான்.

பைக்கில் காத்திருந்த பையன் உன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். உன் கழுத்தில் கயிறு புது மஞ்சளாக இருந்தது. அவன் யார், என்ன ஆட்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அப்போதுதான் உன் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"எம்மா, பாத்தியா?"

பத்தடி தூரத்தில் நீ முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"இல்லய்யா, இந்தப் பக்கம் அவ இல்ல" என்றேன்.

அவன் நம்பவில்லை. நாளை பெரியப்பா மகன்களோடு காரில் அவனே இங்கு வருகிறான். அந்தக் காருக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

உன்னோடு இறங்கிய பெண் இங்கே டீ குடிக்கிறாள். இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்றைக்கே கிளம்பிவிடுங்கள். எங்கே என்று எனக்குச் சொல்லாதே, அடித்துக் கேட்டால் சொல்லிவிடுவேன்.

எங்கே போனாலும் காலைத் தூக்கி நட. நீ தேய்த்து நடக்கும் நடை உன் அண்ணனுக்கும் தெரியும்.

உன்னைப் பெற்றவள்